கடல் காத்திருந்த பத்தொன்பது நாள்

முனைவலசையில் கடல் ஒருமுறை வெளியே போய்த் திரும்பாமல் நின்றதைப் பற்றி இப்போது பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள், இருபத்தைந்து நாள் என்பாரும் ஒரு மாதம் என்பாரும் உண்டு, ஆனால் அன்றைக்குச் செருப்புக் காவலில் இருந்தவன் நான், சிப்பிகளை எண்ணியவன் நான், ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பத்தொன்பது நாள்தான்.

எங்கள் கரையிலிருந்து கொத்தளத் தீவுக்கு என் காலால் எட்டு வைத்து எண்ணினால் இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து. வெள்ளைக்காரர்கள் சங்கு சேர்த்து வைக்கக் கட்டிய கோட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு கொத்தளமும் பாதிச் சுவரும்தான், அவற்றோடு உப்புக்கடல் நடுவில் இனிக்கிற ஒரு கிணறும், யாராலும் வாசிக்க முடியாத எழுத்து வெட்டிய ஐந்து கல்லறைகளும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை வெயில் ஏறியதும் கடல் வற்றித் தரை தெரியும், அப்போது உள்நாட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் புளிச்சோற்றுத் தூக்கோடு நடந்து போய், சுவர்மேல் உட்கார்ந்து சாப்பிட்டு, கிணற்றுத் தண்ணீர் குடித்து, கடல் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்தத் தரையில் யாரும் செருப்போடு நடப்பதில்லை, அது கடலின் வீடு, வீட்டுக்காரர் சற்று வெளியே போயிருக்கிறார் என்பதற்காக அவர் வீட்டுக்குள் செருப்போடு நுழையலாமா என்பது எங்கள் ஊர் வழக்கம்.

செருப்பை என்னிடம் விட வேண்டும். ஒரு ஜோடிக்கு எண் எழுதிய ஒரு சிப்பி தருவேன், ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை சிவப்புச் சாயத்தில் நானே எழுதியவை. திரும்பி வந்து சிப்பியைக் கொடுத்தால் செருப்பு கிடைக்கும். கடைசிச் சிப்பியும் தாம்பாளத்தில் விழுந்ததும் பூவரச மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று முறை அடிப்பேன், கடல் ஏறும். நான் அடிப்பதால் கடல் ஏறுகிறதா, கடல் ஏறப்போவது தெரிந்து நான் அடிக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை, முப்பத்தொரு வருஷமாக இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததால் கேட்கத் தோன்றவும் இல்லை.

எனக்கு ஆட்களை முகம் பார்த்துப் பேச வராது, சின்ன வயதிலிருந்தே கூச்சம். பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடியே வேலை செய்வேன், அதனால் எனக்கு ஊரில் எல்லாரையும் காலால்தான் தெரியும், யாருக்குப் பெருவிரல் வளைந்திருக்கிறது, யாருடைய குதிகால் எப்படி வெடித்திருக்கிறது என்று கேட்டால் சொல்வேன், முகத்தைக் கேட்டால் சற்று யோசிப்பேன்.

பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை நூற்றுப் பன்னிரண்டு ஜோடி சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மஞ்சள் ஒயர்க்கூடையோடு வந்து தன் ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூடையிலிருந்து டயர் அடி வைத்த ஒரு ஜோடி ஆண் செருப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டு சிப்பி கேட்டாள். இந்தச் செருப்புக்கு உரிய கால் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேற்றூர்ப் பெண், தனியாக நிற்கிறாள், புருஷன் எங்கே என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, முன்னால் போயிருப்பார் என்று நானே எண்ணிக்கொண்டு ஐம்பத்தெட்டையும் ஐம்பத்தொன்பதையும் கொடுத்துவிட்டேன். நடந்ததற்கெல்லாம் காரணம் என் பிழைதான்.

மதியம் நூற்றுப் பதினோரு சிப்பி வந்தது. ஐம்பத்தொன்பது வரவில்லை. பஸ்கள் போய்விட்டன, வெயில் சாய்ந்தது, டயர் செருப்பு மட்டும் பாயில் கிடந்தது, நான் அடிக்கவில்லை, கடலும் ஏறவில்லை.

தீவில் போய்த் தேடினார்கள், கிணற்றில் பாதாளக்கரண்டி விட்டுப் பார்த்தார்கள், யாரும் இல்லை. போலீசார் வந்து, எந்த ஊரிலும் ஆள் காணவில்லை என்று புகார் இல்லையே என்று சொல்லி, செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். கடலோ நாலு மைலுக்கு அப்பால், வானம் தரையைத் தொடும் இடத்தில், ஒரு வெள்ளிக் கோடாக நின்றுகொண்டிருந்தது, விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை என்று தெரிந்து வாசலுக்கு வெளியே நிற்கும் வீட்டுக்காரரைப் போல உள்ளே எட்டிப் பார்க்காமல் நின்றது.

முதல் நாள் ஊர் கோபப்பட்டது, இரண்டாம் நாள் ஊர் இறங்கி நடந்தது. தாத்தா காலத்தில் தவறவிட்ட நங்கூரங்களை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்தார்கள், பதினான்கு நங்கூரம், ஒரு பித்தளைக் குடம், கோயில் மணியின் நாக்கு ஒன்று, கல்யாணமான மறுநாள் சண்டையில் ஒருத்தி வீசி எறிந்த கொலுசு கூடக் கிடைத்தது, அவள் இப்போது பேரன் எடுத்தவள், வாங்கிப் போட்டுப் பார்த்துச் சேரவில்லை என்று மருமகளிடம் கொடுத்தாள். நாலாம் நாள் டீக்கடை நானூறு எட்டு உள்ளே தள்ளிப் போனது. ஆறாம் நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடலடியில் மூன்று குச்சி நட்டு மட்டை பிடித்தார்கள், பந்து தீவைத் தொட்டால் ஆறு என்று வைத்துக்கொண்டார்கள், யாரும் ஆறு அடிக்கவில்லை. எட்டாம் நாள் பக்கத்து வலசை ஊர்க்காரர்கள் வந்து, தண்ணீர் இருக்கும்போது இது உங்கள் எல்லை, இப்போது தண்ணீர் இல்லையே என்று வேலிக்கம்பு ஊன்ற, ஒரு நாள் முழுக்கக் கடலடியில் நின்று எல்லை பேசினார்கள். பத்தாம் நாளுக்குள் பெண்கள் அங்கே துணி காயப் போடப் பழகிவிட்டார்கள், கடல் என்று ஒன்று அங்கே இருந்ததைப் பிள்ளைகள் மறக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் நாற்பத்தாறு படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஆண்கள் விடியற்காலை வீச்சுவலையைத் தோளில் போட்டு நாலு மைல் நடந்து, அந்த வெள்ளிக் கோட்டின் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் வீசிக் கொண்டுவருவது ஒரு குழம்புக்கு ஆகும், இரண்டு குழம்புக்கு ஆகாது. பன்னிரண்டாம் நாள் முதல் பல வீடுகளில் ஒருவேளை உலைதான். என்னைக் கடந்து போகும் கால்கள் நின்று பேசிவிட்டுப் போயின, சந்தியாகு, உன் சிப்பியை ஆக்கித் தின்போமா வறுத்துத் தின்போமா என்று ஒரு கால் கேட்டது. பதிமூன்றாம் நாள் ஊர்த்தலைவர் இன்னாசியே வந்து சம்மட்டியை வாங்கித் தண்டவாளத்தை மூன்று முறை அடித்தார். தூரத்தில் கோடு சற்று அசைந்து கொஞ்ச தூரம் முன்னால் வந்தது, பிறகு அழைத்தது வேறு ஆள் என்று தெரிந்துகொண்டதைப் போலப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது.

பதினேழாம் நாள் மத்தியானம் என் பாய்க்கு முன்னால் இரண்டு கால் வந்து நின்றது. ரப்பர் செருப்பு, பக்கத்தில் மஞ்சள் ஒயர்க்கூடை.

“அண்ணாச்சி, அவரு இன்னும் வரலையா?” என்றாள்.

அவள் பெயர் வேலுத்தாய், அருப்புக்கோட்டைப் பக்கம், புருஷன் சோலைராசு தறி நெய்தவர். நாற்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த அவருக்கு ஒரே ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, அடுத்த பண்டிகைக்கு, அடுத்த பண்டிகைக்கு என்று தள்ளிப் போட்டு, போன கார்த்திகையில் பார்க்காமலே போய்விட்டார். கூட்டிப் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்த வாக்கு அப்படியே நின்றது. அதனால் செருப்பைக் கூடையில் வைத்துக் கூட்டி வந்திருந்தாள்.

நான் குனிந்தபடியே, சிப்பியை என்ன செய்தாய் தாயி என்று கேட்டேன்.

“கொத்தளத்து மேல அவருக்குன்னு ஒரு இடம் பாத்து சிப்பிய வச்சேன். கடலப் பாருங்கன்னேன். நீங்கதான் பாத்தீகள்ல அண்ணாச்சி, அன்னைக்கு எங்கிட்டுத் தண்ணி இருந்துச்சு? சேறுதான் இருந்துச்சு. தூரத்துல ஒத்தப் பாவு நூலு மாதிரி என்னமோ கெடக்கு, அதையா கடலுங்கிறன்னு கேட்டாரு. கொஞ்சம் இருந்து, தண்ணி வந்தப்பறம் பாத்துட்டு வாரேன், நீ முன்ன போன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு நான் வந்துட்டேன்.”

கடல் வந்தால் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அவர் கிளம்பினால் வரலாம் என்று கடல் அங்கே நிற்கிறது, இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள், பதினேழு நாளாக ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். நான் சொன்னதும் அவள் கால்விரல்கள் மணலை இறுக்கிப் பிடித்தன. பேப்பரில் கடல் போட்டோ பார்த்து, இது அவராகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டுத்தான் வந்தேன் என்றாள், வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் மோர் வருகிறவரை எழுந்திருக்க மாட்டார் என்றாள். இப்போதே போய்ச் சிப்பியை எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாள்.

அவளைப் போகவிடாமல் தடுத்தது என் தம்பி பெண்டாட்டி செங்கோல்மேரி. டீக்கடைக்குப் போகிற வழியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் நேரே வந்து வேலுத்தாயின் கூடையைப் பிடித்துக்கொண்டாள், நாளை வரை இரு என்றாள், பிறகு ஊருக்குள் ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் என் பாயின்மேல் செருப்பு வந்து குவிந்தது. எங்கள் ஆண்கள் கடலுக்குப் போகும்போது கரையில் செருப்பைக் கழற்றி, நுனி கடலைப் பார்க்க ஜோடியாக வைத்துவிட்டுப் படகேறுவார்கள், திரும்பி வந்து மாட்டிக்கொள்வார்கள். திரும்பாதவர்களின் செருப்பை வீட்டுக்காரிகள் எடுத்துப் போய் வைத்துக்கொள்வது உண்டு, ஆனால் எத்தனை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் ஊருக்கே தெரிந்தது. முப்பத்தேழு ஜோடி. அதில் ஒன்று நீல வார், வலது செருப்பின் காதில் ஊக்குக் குத்தியது, அடிப்பகுதியில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீண்டு பதிந்தது. என் தம்பி ராயப்பன் பதினாலு வருஷத்துக்கு முன்னால் சுறாவலைக்குப் போகும்போது கழற்றி வைத்தது. நான் அதைத் தொடவில்லை, எண்ணினேன்.

மறுநாள் ஊர் கூடியது. ஒரு தறிக்காரருக்காகப் பதினெட்டு நாள் நிற்கிற கடல் எங்கள் ஆட்களுக்காக நிற்காதா, அவர்களைக் கொண்டுபோனதே அதுதானே, இத்தனை ஜோடிக்கும் சிப்பி கொடு, அவர்கள் வருகிறவரை நிற்கட்டும் என்றார்கள் பெண்கள். இன்னாசி, நாற்பத்தாறு படகையும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையும் பற்றிச் சொன்னார், அவருடைய அண்ணன் செருப்பும் அந்தக் குவியலில் கிடந்ததால் சொல்லி முடிக்க முடியாமல் உட்கார்ந்தார். பிறகு எல்லாக் கால்களும் என்னைப் பார்த்துத் திரும்பின.

செங்கோல்மேரி சொன்னாள்: “மச்சான், நீங்க ஒருத்தருக்குக் குடுத்தீக. இவுகளுக்கும் குடுங்க.”

முப்பத்தொரு வருஷத்தில் நான் ஊர்க்கூட்டத்தில் பேசியதில்லை. எழுந்து நின்று, என் கால்களையே பார்த்துக்கொண்டு, கொடுக்கிறேன் என்றேன். தரை வழியாகப் போகிறவர்களுக்குத்தான் சிப்பி, படகில் போனவர்களுக்கு என்னிடம் எண்ணிக்கை கிடையாது, ஆனாலும் வேலுத்தாய் கூட்டிப் போனதைப் போல நீங்களும் ஒரு நாள் உங்கள் ஆளைக் கொத்தளத்துக்குக் கூட்டிப் போகலாம், உட்கார வைத்துச் சோறு போடலாம், பேசலாம், ஆனால் மூன்று மணிக்குள் சிப்பியைத் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும், ஒன்றையும் அங்கே விடக்கூடாது, உயிரோடு இருக்கிறவர்களுக்கும் கடல் வேண்டும் என்றேன். சொல்லி முடிக்கும்போது சட்டை நனைந்துவிட்டது.

பத்தொன்பதாம் நாள் காலையில் முப்பத்தேழு பேர் தங்களுக்கு ஒரு சிப்பியும் தங்கள் ஆளுக்கு ஒரு சிப்பியுமாக வாங்கிக்கொண்டு போனார்கள், வேலுத்தாய் தனக்கு ஒன்று வாங்கினாள். போனது எழுபத்தைந்து, வர வேண்டியது எழுபத்தாறு. ராயப்பனுக்கு நான் கொடுத்தது முப்பத்தொன்று.

அன்றைக்குக் காற்று இல்லை. இங்கிருந்து பார்க்கும்போது தீவில் அடுப்புப் புகை நேராக எழுந்து நின்றது, பெண்கள் சுவர் நெடுக உட்கார்ந்து பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுவதும், இலையில் இன்னும் கொஞ்சம் வைப்பதும், சிலர் கை நீட்டி ஏசுவதும் தெரிந்தது. ஒருத்தி கொண்டுபோன வெற்றிலைப் பெட்டியைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாளாம், அவளுக்கு அவரோடு இன்னும் சண்டை தீரவில்லை. ஒரு மணிக்கு யாரோ ஒப்பாரி எடுத்து, பாதியில் விட்டுச் சிரித்த சத்தமும் கேட்டது, அத்தனை அமைதி.

இரண்டரைக்கு வரத் தொடங்கினார்கள். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன், சேறு படிந்த கால்கள் ஒவ்வொன்றாக வந்தன, தாம்பாளத்தில் சிப்பி விழ விழ ஜோடியை நகர்த்தினேன். வேலுத்தாய் ஐம்பத்தொன்பதையும் தன்னுடையதையும் போட்டாள், வந்துட்டாரு என்றாள், ஆனால் டயர் செருப்பை எடுக்காமல் நுனி கடலைப் பார்க்கத் திருப்பி வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள், இங்கிருந்தே பாக்கட்டும் அண்ணாச்சி என்றாள். அறுபது, எழுபது, எழுபத்து நான்கு. எழுபத்தைந்தாவது சிப்பியைப் போட்ட கையில் தண்ணீர் சொட்டியது. எண் முப்பத்தொன்று. எதிரே நின்ற கால்களில் சேறு இல்லை, ஈர மணல் மட்டும் இருந்தது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், வலது கணுக்காலில் தூண்டில் கிழித்த தழும்பு. நீல வார்ச் செருப்பை நான் நகர்த்தி வைத்தேன். கால்கள் மாட்டிக்கொண்டன, ஊக்கு கிளிக் என்றது, போயின. நான் நிமிரவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், கூச்சம் என்றும் சொல்லலாம், நிமிர்ந்தால் இருக்க மாட்டானோ என்ற பயம் என்றும் சொல்லலாம். அதற்குப்பின் இன்னும் ஒரு சிப்பி விழுந்தது, எழுபத்தாறு.

எழுந்து மூன்று முறை அடித்தேன்.

அந்த ஒற்றை நூல் இரண்டாகி, நாலாகி, அகலமாகி, வெயிலில் நெய்துகொண்டே வருவதைப் போல வந்தது, துணிக்கொடிகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளின் மூன்று குச்சியைச் சுற்றிக்கொண்டு, வேலிக்கம்பைச் சாய்த்து, டீக்கடைக்காரர் பெஞ்சைத் தலையில் வைத்து ஓடிவர அவருக்கு வழிவிட்டு, அவசரப்படாமல் வந்தது. நாற்பத்தாறு படகும் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. வேலுத்தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டயர் செருப்பைத் தொட்டதும், “இம்புட்டுத் தண்ணியான்னு கேக்காரு” என்றாள். பிறகு செருப்பைத் துடைத்துக் கூடையில் வைத்துக்கொண்டு நாலரை பஸ்ஸுக்குப் போனாள்.

அப்போதுதான் செங்கோல்மேரி வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“அடிச்சிட்டீகளா மச்சான்? என் சிப்பிய மட்டுந்தான் போட்டேன். அவுக சிப்பிய நான் கொண்டுவரல. கொத்தளத்து மேலயே வச்சிட்டு வந்தேன். ஒண்ணு குறைஞ்சா நீங்க அடிக்க மாட்டீகன்னு நெனச்சேன்.”

“குறையல மேரி.”

தாம்பாளத்தைக் காட்டினேன். முப்பத்தொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு பாயில் நீல வார்ச் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

“ஆரு வாங்குனது?”

“கால பாத்தேன். அவன் காலுதான்.”

“மொகம்?”

“பாக்கல.”

சிப்பியைத் திரும்பத் தாம்பாளத்தில் போட்டாள். “எழுவத்தோரு வயசுல என்ன மச்சான் வெக்கம் உங்களுக்கு” என்றாள், குரல் உடைந்து பாதி சிரிப்பும் வந்தது.

என் பாயிலிருந்து செருப்புத் தடம் கரையோரமாகப் போயிருந்தது, அவள் அதன் வழியே போனாள், நான் அவளுக்குப் பின்னால் போனேன், நூற்றுத் தொண்ணூற்றாறு எட்டு. ராயப்பன் படகு கட்டுகிற பழைய இடத்தில், தண்ணீர் தொடுவதற்கு ஒரு முழம் மேலே, செருப்பு ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது, நுனி கடலைப் பார்த்து, வேலைக்குப் போகிற ஆள் வைக்கிற மாதிரி.

குனிந்து கையை நீட்டியவள் எடுக்காமல் நிமிர்ந்தாள். வீட்டுக்குக் கொண்டு போனால்தான் ஆள் வரமாட்டான் என்று ஆகும் என்றாள்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கடல் ஏறும்போது அவள் வந்து செருப்பை ஒரு முழம் மேலே தள்ளி வைக்கிறாள், வற்றும்போது ஒரு முழம் கீழே இறக்கி வைக்கிறாள், ஊரில் யாரும் அதைத் தாண்டி நடப்பதில்லை, சுற்றித்தான் போவார்கள். அது என் எண்ணிக்கையில் சேராது, படகில் போனவர்களுக்குச் சிப்பி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தை அடிக்கும் முன் அந்தப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.